ஆதார் நகல் முதல் ஸ்டேஷன் அழைப்பு வரை: வாசகர் கேள்வி பதில்

தனியுரிமை, கருத்துரிமை பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். இந்த முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம். பேசுகிற விஷயமே அது என்பதால், ஊர்ப் பகுதி மட்டும் போதும்.

மார்த்தாண்டம் பக்கம், நர்சிங் முடித்த வாசகி: ஜெராக்ஸ் கடைக்குப் போனால் “வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துடலாம்” என்கிறார்கள். ஆதார், பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்சிக்கும் ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். இதில் ஆபத்து உண்டா?

உண்டு. நீங்கள் அனுப்பிய ஒரு படம் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரரின் கைப்பேசி கேலரியில் ஒன்று. கடைக் கணினியில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் வாட்ஸ்அப் வெப்பில் ஒன்று. பிரிண்ட் கொடுக்க ‘டவுன்லோட்’ அழுத்தியதும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இன்னொன்று. வீட்டுக்கு வந்து ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்தால் உரையாடலில் இருப்பது மறையும். அதற்கும் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாகத்தான் அவகாசம். ஃபோல்டரில் இறங்கியதை அது தொடவே தொடாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் அடுத்து யார் உட்காருகிறார், பழுது பார்க்க அதை யார் எடுத்துப் போகிறார் என்பது அவர் கையில் இல்லை.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் எண் மறைத்த ஆதாரை அனுப்புங்கள். மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போய், ‘டவுன்லோட் ஆதார்’ பக்கத்தில் ‘மாஸ்க்ட் ஆதார் வேண்டுமா’ என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பி.டி.எஃப். இறங்கும். அதன் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். இந்தச் சூத்திரம் ஊருக்கே தெரியும். பெயரும் வயதும் தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம். எனவே ‘பாஸ்வேர்டு இருக்கிறதே’ என்று முழு எண் உள்ள பி.டி.எஃப்.ஐ அனுப்பாதீர்கள். எண்ணை மறைப்பதுதான் காப்பு. பிரிண்ட் எடுத்து முடித்ததும், “அண்ணே, அந்த ஃபைலை டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிடுங்க” என்று கேட்டு, அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

காகித நகலில் என்ன எழுதுவது? தேதி, யாரிடம் கொடுக்கிறோம், எதற்காக என்ற மூன்றும். “12 இலக்கமும் தேவையா” என்று கேட்டுப் பார்த்துவிட்டு, நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படுகிற மாதிரி எழுதிக் கையெழுத்திடுங்கள். பலரும் ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதுகிறார்கள். ஓரத்தை மடித்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் நீங்கள் எழுதியது காணாமல் போகும். சிம் வாங்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் ஆதாரை மட்டுமே கட்டாயமாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் சொல்லிவிட்டது. வேறு அடையாள ஆவணம் கொடுக்கலாம். பான் இணைப்புக்கும் அரசு மானியங்களுக்கும் ஆதார் தேவை என்பதை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஏஜென்சி விஷயத்தில் முதலில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களைப் பதியும் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதன் பதிவு எண்ணைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அசல் சான்றிதழையும் அசல் பாஸ்போர்ட்டையும் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். வெற்றுத் தாளில் ‘மாதிரிக் கையெழுத்து’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கருங்கல் பக்கம், வாசகர்: அம்மா முந்திரி ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவர். விரல் ரேகை சரியாகப் பதிவதில்லை. ரேகையை வைத்து வங்கிப் பணத்தை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆதாரில் ரேகையைப் பூட்டலாம் என்றால், ரேஷன் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும்; ரேகை மங்குவது அம்மாவின் குற்றமல்ல. பூட்டுவதற்கும் ரேஷனுக்கும் உள்ள சிக்கல் உண்மைதான். பூட்டினால் விரல் ரேகை, கருவிழி, முகம் மூன்றுமே அடையாளச் சரிபார்ப்பில் வேலை செய்யாது. ஆனால் தற்காலிகமாகத் திறக்கலாம். எம்-ஆதார் செயலியில் ‘பயோமெட்ரிக் லாக்’ பகுதிக்குப் போய்த் தற்காலிகத் திறப்பைக் கொடுத்தால் 10 நிமிடம் திறந்திருந்து மறுபடி தானே பூட்டிக்கொள்ளும். கடை வரிசையில் அம்மாவின் முறை வருவதற்குச் சற்று முன்னால் திறந்தால் சரியாக இருக்கும். ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் அம்மாவிடமோ உங்களிடமோ இருக்க வேண்டும் என்பது முக்கியம். பழைய எண் என்றால் முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். கடைக்குப் போக இயலாத முதியவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கும் படிவம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் உண்டு. முதியவர்கள் மட்டுமே உள்ள குடும்ப அட்டை என்றால், தாயுமானவர் திட்டத்தில் பொருள் வீட்டுக்கே வருமா என்று அங்கேயே கேளுங்கள்.

பூட்ட வேண்டிய காரணம் என்ன? ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஓ.டி.பி. வராது, வங்கிப் பெயரும் ஆதார் எண்ணும் ரேகையும் போதும். பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்து ரப்பர் அச்சாக்கிப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. மைஆதார் தளத்தில் ‘சரிபார்ப்பு வரலாறு’ பக்கத்தில் கடந்த 6 மாதத்தில் அம்மாவின் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று வரும். மாதம் ஒரு தடவை பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பிறகு வங்கிக்கு எழுத்துப் புகார். வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், தவறு உங்களுடையதாக இல்லாத மூன்றாம் ஆள் மோசடியில் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

குளச்சல் பக்கம், வாசகி: ஜூன், ஜூலை தடைக்காலத்தில் கையில் காசில்லை என்று வீட்டுக்காரர் ஒரு கடன் செயலியில் 5,000 ரூபாய் எடுத்தார். கட்டி முடித்த பிறகும் பணம் கேட்கிறார்கள். என் படத்தை அசிங்கமாக மாற்றி உறவுக்காரர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள்.

இதைப் படித்ததும் முதலில் ஒன்று: இன்னும் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். கட்டியவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்; பணம் வருகிறது என்று தெரிந்துவிட்ட எண்ணை அவர்கள் விடுவதில்லை.

செயலியை அழிக்கும் அவசரம் வரும். பொறுங்கள். முதலில் கடன் எடுத்த பக்கம், கட்டிய விவரம், மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள், பணம் போடச் சொன்ன யு.பி.ஐ. முகவரி, நீங்கள் கட்டியதற்கான 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். அதன் பிறகு அமைப்புகளில் செயலியின் அனுமதிகளில் தொடர்புகள், கேலரி, இருப்பிடம் மூன்றையும் மறுத்து, செயலியை நீக்குங்கள்.

அவர்கள் தொடர்புப் பட்டியலை முன்பே எடுத்திருப்பார்கள். எனவே அவர்களுக்கு முன் நீங்கள் பேசிவிடுங்கள். குடும்பத்தாருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இப்படி அனுப்பலாம்: “எங்கள் பெயரில் படமோ செய்தியோ வந்தால் அது மோசடிக் கும்பலின் வேலை. பார்க்க வேண்டாம், பதில் போட வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். வந்த எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.” நீங்கள் மறைப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மிரட்டல் நிற்கிறது. இந்த ஒரு செய்தி அதன் காலை வாரிவிடும்.

புகாரை 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே பதியும் வசதியும் அந்தத் தளத்தில் உண்டு. காவல் நிலையத்தில் “இது எங்க லிமிட் இல்லை” என்று திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பதை, குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றிய படம் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால் ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதிலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அதே படம் ஏறினால் அவை தடுக்கும். இது 18 வயது கடந்தவர்களுக்கு. படத்தில் இருப்பவர் சிறுமி என்றால் 1098ஐ அழையுங்கள். அது போக்சோ வழக்கு.

இனிக் கடன் எடுக்க நேர்ந்தால்: தொடர்புப் பட்டியல், கேலரி, அழைப்பு விவரம் எதையும் தொடக் கூடாது என்பது டிஜிட்டல் கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் கட்டளை. அனுமதி கேட்கும் திரையிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தெரிவித்த கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது.

தக்கலை பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: கூரியர் என்று சொல்லி ஒருவர் அழைத்து *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மறுநாள் என் வாட்ஸ்அப்பிலிருந்து எல்லோருக்கும் பணம் கேட்டுச் செய்தி போயிருக்கிறது.

அந்த எண் உங்கள் அழைப்புகளை அவருடைய போனுக்குத் திருப்பிவிடும் கட்டளை. பிறகு அவர் உங்கள் எண்ணில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்கிறார். வாட்ஸ்அப் தரும் சரிபார்ப்புக் குறியீட்டை ‘அழைப்பில் சொல்’ என்று கேட்கிறார். அழைப்பு அவருக்கே போகிறது. *#21# அழுத்தினால் திருப்புதல் இருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்புதலையும் நீக்கும். நீக்கிய பிறகு உங்கள் எண்ணிலேயே வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள், அவர் வெளியேறிவிடுவார். உள்ளே வந்ததும் ‘கணக்கு – இரண்டு படிச் சரிபார்ப்பு’ போய் 6 இலக்கப் பின் வையுங்கள். அவர் ஏற்கெனவே பின் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், மனம் தளர வேண்டாம். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் தெரியாத கணினி ஏதும் இருந்தால் அங்கேயே வெளியேற்றுங்கள்.

வடசேரி, வாசகி: பக்கத்து வீட்டு சி.சி.டி.வி. நேரே எங்கள் குளியலறை ஜன்னலைப் பார்க்கிறது.

பெரும்பாலான கேமராக்களில் ‘பிரைவசி மாஸ்க்’ என்ற வசதி உண்டு. படத்தில் உங்கள் ஜன்னல் வரும் பகுதியைக் கறுப்புக் கட்டமாக்கிவிடும். கேமராவை இறக்கச் சொல்வதை விட இதைக் கேட்பது எளிது. அந்தக் கட்டம் போட்ட திரையை அவர் உங்களுக்குக் காட்டட்டும். மறுத்தால் எழுத்துப் புகார் கொடுங்கள்: அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

தூத்தூர் பக்கம், மீனவ இளைஞர்: துறைமுக முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகு கவிழ்வது பற்றி வீடியோ போட்டேன். “எனக்க ஸ்டேஷனுக்கு வா, போனையும் கொண்டு வா” என்று ஒரு குரல் அழைப்பு. போக வேண்டுமா? போனைக் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் பேசியது உங்கள் உயிரைப் பற்றி. அரசியல் சட்டம் 19(1)(அ) காப்பது இந்த மாதிரிப் பேச்சைத்தான். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அழைத்தவர் உண்மையிலேயே போலீசா என்பது முதல் சந்தேகமாக இருக்கட்டும். பெயர், பதவி, நிலையம் கேட்டுக் குறித்துக்கொண்டு, நிலையத்தின் தரைவழி எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று சொன்னால் அது மோசடி. அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

உண்மையான போலீஸ் என்றால், “எழுத்தில் சம்மன் கொடுங்க சார், கட்டாயம் வாரேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வதற்குப் பதில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் பொது முறை. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் அவசியம் போக வேண்டும். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது வீட்டில் ஒருவரிடம் எந்த நிலையம், எத்தனை மணி என்று சொல்லிவிட்டுப் போங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

எந்தப் பிரிவு என்று கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்று சொன்னால், அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2022 அக்டோபரில் அதன் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடியும் உத்தரவிட்டது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட, 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றச்சாட்டுகளில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28 அன்று ஒரு கவிதை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எதற்கெடுத்தாலும் பதறும் மனதை வைத்துச் சொற்களை அளக்கக் கூடாது, உறுதியான மனமுள்ள நியாயமான மனிதரை வைத்தே அளக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் மாவட்டத்துக்கான உயர் நீதிமன்றக் கிளை மதுரை. சிறுமலைக்குச் சுற்றுலா போன படத்துக்கு ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக’ என்று வேடிக்கையாகத் தலைப்பிட்டவர் மீது போட்ட வழக்கை அந்தக் கிளை 2021 டிசம்பரில் ரத்து செய்தது.

இப்போது போன். அழைத்தார்கள் என்பதற்காகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. கைப்பற்றுகிறார்கள் என்றால் எழுத்து மூலமான பட்டியல் வேண்டும்: போனின் மாடல், *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண், சிம், மெமரி கார்டு தனித்தனியாக. தேடுதலையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. உள்ளே இருப்பதன் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அது ஒரு நீண்ட எண் வரிசை. பிறகு யாராவது ஒரு கோப்பைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அந்த எண் மாறிவிடும். கடவுச்சொல்லைச் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில், தனக்கெதிராகச் சாட்சி சொல்ல நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவை வைத்து நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. அந்த இடத்தில் வழக்கறிஞர் வரும்வரை பேசாமல் இருங்கள்.

இங்கே பலர் தவறுவது ஒன்றில்: பயந்து வீடியோவையும் உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். சாட்சியமாகாமல் தடுக்க மின்னணுப் பதிவை அழிப்பது, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் தனிக் குற்றம். இல்லாத வழக்கை நீங்களே உண்டாக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தவிர, உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்த மூல வீடியோதான். வாட்ஸ்அப்பில் போய் வந்த நகல் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்திருக்கும். மூலக் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதிலும் ஹாஷ் மதிப்பு கேட்பார்கள்.

அடுத்த வீடியோவுக்கு ஒரு சொல். “அதிகாரி காசு வாங்கிட்டுக் கண்ண மூடிட்டான்” என்று பேசினால், காசு வாங்கியதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் ஏறும். நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். அதையே, “இந்த மாதம் இந்தத் தேதியில் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது, இதோ அளவுகோல், தூர்வார மனு கொடுத்த நாள் இது, இன்றுவரை பதில் இல்லை” என்று காட்டினால் ஒரு சொல்லையும் எவராலும் அசைக்க முடியாது. கோபம் குறையவில்லை, ஆதாரம் கூடியிருக்கிறது.

திங்கள்நகர் பக்கம், வாசகர்: ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். யாரோ போட்ட மதச் சண்டைச் செய்திக்கு நான் சிறைக்குப் போவேனா?

அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லாதவர் பெயரை நீக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் இதையே சொன்னது. ஆனால் நீங்களே அதை இன்னொரு குழுவுக்கு ஃபார்வர்டு செய்தால் கதை வேறு. படிக்காமல் பகிர்ந்தேன் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. பகிர்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டவரே என்றது. பிரச்சினைச் செய்தி வந்தால் அட்மின் என்ற முறையில் நீக்கிவிட்டு, ‘நீக்கியிருக்கிறேன்’ என்று குழுவிலேயே எழுதுங்கள். பதற்றமான நாட்களில் ‘அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்’ என்று மாற்றி வைக்கலாம்.

அருமனை பக்கம், வாசகர்: பாறை ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவெல்லாம் கேரளாவுக்குப் போகின்றன. தகவல் உரிமை மனு போட ஆசை. ஆனால் என் முகவரி லாரிக்காரர் கைக்குப் போய்விடுமே?

உங்கள் பயம் வெறும் கற்பனை அல்ல. மனுதாரர்கள் தாக்கப்பட்டது இந்த நாட்டில் நடந்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 6(2) பிரிவின்படி காரணம் சொல்ல வேண்டாம். தொடர்பு கொள்ளத் தேவையானதற்கு மேல் எந்தச் சொந்த விவரமும் தர வேண்டாம். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் சொன்னது. தலைமை அஞ்சலகத்தில் தபால் பெட்டி வாடகைக்குக் கேளுங்கள். கைப்பேசி எண்ணை எழுதாதீர்கள். ஒருவர் மட்டும் கேட்காமல், வேறு வேறு ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஒரே மாதிரிக் கேட்டால் எவரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

இனி மனுவின் வாசகம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்திவிட்டது. ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே சொல்லில் மறுக்க இப்போது வழியிருக்கிறது. தனியுரிமையின் பெயரால் மக்களின் கண்ணை மறைப்பது இது என்றே நாங்கள் கருதுகிறோம். பொதுநலன் மேலானது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். கூடவே, ஆட்களைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். “அனுமதி கொடுத்த அதிகாரி யார்” என்று எழுதினால் மறுக்க வசதியாகிவிடும். “இன்ன மாதம் வழங்கிய நடைச்சீட்டுகளின் எண், தேதி, கன அளவு, சேரும் இடம், சோதனைச் சாவடிப் பதிவேட்டின் அதே தேதிப் பக்கங்களின் நகல்” என்று எழுதுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப் போகிறதா என்பதில்தான் உண்மை இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

குலசேகரம் பக்கம், வாசகி: தம்பி துபாயில். அங்கிருந்தே கம்பெனியைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

வேண்டாம். நம் 19ஆம் பிரிவு விமானம் ஏறாது. அங்கே 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இணையக் குற்றச் சட்டம், நிறுவனத்தைப் பழிப்பதையும் ஒருவரைக் கேட்காமல் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. குற்றம் செய்ய, இணையத்தில் இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். பயன்படுத்தினால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. சம்பள பாக்கி என்றால் தொழிலாளர் அமைச்சகத்திலும் இந்தியத் துணைத் தூதரகத்திலும் புகார் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வருகைப் பதிவுப் படங்களை இப்போதே உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும்.

முட்டம் பக்கம், வாசகர்: 2018இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நம் மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். மறுபடி நடந்தால் என்ன செய்வது?

அந்த ஆண்டு மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் 5 நாட்களுக்கு இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஒக்கி புயலில் தகவல் போய்ச் சேராமல் நம் கடற்கரை ஆட்களை இழந்திருந்தது. இணையம் நின்றால் இங்கே என்ன நிற்கிறது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இணையத்தை நிறுத்தும் உத்தரவு வெளியிடப்பட வேண்டும், காரணம் இருக்க வேண்டும், காலவரையின்றி இருக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் வந்த விதிகளின்படி ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது. மறுஆய்வுக் குழு 5 நாளுக்குள் அதைப் பார்க்க வேண்டும்.

நடைமுறைக்கு: முக்கியமான 20 எண்களைத் தாளில் எழுதி வீட்டிலும் படகிலும் வையுங்கள். பொதுவாக இணையத்தை மட்டும் நிறுத்தும்போது அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் வேலை செய்யும். ஊருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். சங்கிலி, ஒருவர் ஐந்து பேருக்கு என்று, முன்பே பேசி வைத்திருங்கள். நாகர்கோவில் வானொலியைப் பிடிக்கும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர், மாற்று பேட்டரியோடு. ‘பிரையர்’ செயலி புளூடூத், வைஃபை வழியாக நெட் இல்லாமலும் செய்தி கடத்தும்; ஆனால் பக்கத்து வீட்டுத் தூரம்தான், அதுவும் இணையம் இருக்கும்போதே நிறுவி வைத்தால்தான் உண்டு. நிறுத்தம் தொடங்கிய நாள், நேரம், எந்த நிறுவனத்தின் இணைப்பு, என்ன நஷ்டம் என்று குறித்து வையுங்கள். சேவை திரும்பியதும் உத்தரவின் நகலும் மறுஆய்வுக் குழுவின் முடிவும் கேட்டு உள்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். அந்தக் குறிப்பு அதோடு இணைப்பாகப் போகட்டும்.